வாயில் ஆணி இருந்தபோது பாடியது யார்

என் அன்பு மகளுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் இங்கே நலம், உடம்பில் உள்ள சில்லறைக் கோளாறுகளை எழுதினால் காகிதம்தான் வீண், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். நேற்றுதான் கிறிஸ்மஸ் முடிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மகள் நாளை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கேக்கும் வருகிறது, சித்தி செய்தது, பயப்படாமல் சாப்பிடு. போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் போனில் தும்மினால்கூட சமையலறையில் கேட்கும், இது அவள் காதில் விழக் கூடாத சங்கதி. மேலும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டாலும் (நான் விடவில்லை, அதுதான் என்னைத் தாங்க முடியாமல் விட்டது) கடிதம் எழுதுவதில் என்னை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். சித்தி ஏன் போனுக்கே வருவதில்லை, கிறிஸ்மஸுக்கு நான் வரவில்லை என்று கோபமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய், நானும் குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அளந்துவிடுகிறேன். அவள் எங்கும் போகவில்லை, என் எதிரிலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கோபமும் இல்லை. அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும், நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன், அதுவும் பொய்யில்லை. ஆனால் குரல் போய்விட்டது. பேச முடியாமல் போகவில்லை, அவளுடைய அந்தக் குரல் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு கனத்த, கரகரத்த குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் யாரோ ஆம்பிளை பேசுகிற மாதிரி இருக்கும். டாக்டர் சிலருக்கு இப்படித்தான் ஆகும் என்று பேனாவைத் தட்டிக்கொண்டே சொன்னார், நகம் வெட்டினதைச் சொல்கிற மாதிரி. அப்புறம் ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது வீட்டில் விட்டுப்போன என் போனுக்கு நீ கூப்பிட்டாய். சித்திதான் எடுத்தாள். எடுத்து, கண்ணு எப்படிம்மா இருக்கே என்று கேட்டிருக்கிறாள். நீ உடனே, சித்தப்பா, சித்திகிட்ட போனைக் குடுங்க என்றாய். என் போன், கனத்த குரல், நான்தான் என்று நினைத்துவிட்டாய், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் ஒன்றும் பேசாமல் போனை அணைத்துவிட்டாள். லைன் அறுந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். உன்னைப் பெற்ற அண்ணனும் அண்ணியும் கண்ணை மூடிய பிறகு உன்னை மடியில் போட்டுத் தாலாட்டித் தூங்கவைத்த குரல் அது, நான் வளத்த பிள்ளைக்கே என் கொரல் தெரியலையே என்று அன்றைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை சொன்னாள், அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. பேச்சே இல்லை என்றால் எந்தப் பேச்சும் இல்லை. எதுவானாலும் கையைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், கோபம் வந்தால் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள், அந்தச் சத்தத்திலேயே மொத்த வசனமும் நமக்குப் புரிந்துவிடும்.

இதில் கோயில் பாடகர் குழு வேறு. பெண்கள் வரிசையில் முதல் குரல் அத்தனை வருஷமாக யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குச்சி வாத்தியாரை உனக்கு ஞாபகம் இருக்கும், குச்சியை ஆட்டி ஆட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர், குச்சிக்கும் அவருக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த மனிதர் வீட்டுக்கு வந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு (இப்படி ஒரு தேநீரை ஆயுசில் குடித்ததில்லை என்றார்), அக்கா, இந்த வருஷம் நீங்க ஓய்வெடுங்க, ஒடம்புதான் முக்கியம் என்று இழுத்தார். உன் சித்தி தலையை ஆட்டினாள். அவர் செருப்பை மாட்டுவதற்குள் இடத்தைத் தூக்கி மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த அம்மாவின் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குக்கருக்கு வால் முளைத்து, விசில் வருகிறபோது யாரோ அதை மிதித்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார், கேட்கிறவர்களுக்கும் அதே யோசனைதான் வரும்.

அன்றிலிருந்து நம் வீட்டில் கிறிஸ்மஸ் என்ற வார்த்தையே இல்லை. கேக்குக்குப் பழம் ஊறவைக்கவில்லை. திரைச்சீலை துவைக்கவில்லை. நட்சத்திரம் பரணில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சரி, வீட்டில் ஓர் ஆண் சிங்கம் எதற்கு இருக்கிறது என்று நானே இறங்கினேன். நட்சத்திரத்தை இறக்கி, ஒயரை நானே மாற்றி, வாசலில் கட்டினேன், ஸ்விட்ச் போட்டதும் தெரு முழுக்க வெளிச்சம் வந்து உடனே தெரு முழுக்க இருட்டாகிவிட்டது, அது மின்சார வாரியத்தின் கோளாறு. கேக் செய்தேன். அதை வெட்ட நான் கடையிலிருந்து ரம்பம் கொண்டுவந்ததாக எதிர்வீட்டுக்காரன் சொல்லித் திரிகிறான், பொய், ரம்பம் வேறு வேலைக்குத்தான் எடுத்து வந்தேன். அவன் பேசலாமா? காற்றடிக்கிற கிறிஸ்மஸ் தாத்தா ஒன்றை வாங்கி மாடியில் நிறுத்தியிருக்கிறான், இரண்டாள் உயரம், மின்சாரம் போகும்போதெல்லாம் அது முழங்கால் மடிந்து முகம் குப்புற விழுகிறது, பார்த்தால் யாரோ கடன்காரன் காலில் விழுகிற மாதிரி இருக்கிறது. வாழ்த்து அட்டை அனுப்புகிற பழக்கமும் ஒழிந்தது. எல்லாரும் ஒரே படத்தை, ஒரே மெழுகுவர்த்தியை, போனில் சுற்றிச் சுற்றி அனுப்புகிறார்கள், உன் மாமன் அனுப்பியதில் போன வருஷத் தேதியே அப்படியே இருந்தது.

கடையைக் கேட்கிறாயா? குஷன் கடைக்காரனுக்கு டிசம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று உனக்குத் தெரியாததா. வருஷம் முழுக்கக் கிழிந்த சோபாவில் உட்கார்ந்து தேய்க்கிற ஜனங்களுக்கு கிறிஸ்மஸுக்கு விருந்தாளி வருவார்கள் என்றதும் திடீரென்று மானம் வந்துவிடும். எல்லாருக்கும் இருபத்து நாலாம் தேதிக்குள் வேண்டும். பல் டாக்டர் தன் சோபாவுக்கு வெள்ளை ரெக்ஸின் போடச் சொன்னார், போட்டுக்கொடுத்தேன், அழுக்காகும் என்று அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, பிளாஸ்டிக் கிழியும் என்று அதன்மேல் போர்வையை விரித்து, அதில் யாரையும் உட்காரவிடாமல் தானும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் கட்டின ஸ்பிரிங்கில் உட்கார்ந்த ஒரு நீதிபதி அப்படியே தூங்கிப்போய் வழக்கே தள்ளிப்போனது உனக்குத் தெரியும். அந்தக் கைக்கு இந்த மரியாதை.

இப்படி இருக்கும்போதுதான் கோயில் செயலாளர் வந்தார். அவரைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், கோயில் மணியை அடிப்பதற்குக்கூடத் தீர்மானம் போடுகிற ஆள். கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பெரிய போதகர் வருகிறாராம், பாடகர் குழு உட்காரும் நீள பெஞ்சில் குஷன் கிழிந்து பஞ்சு எட்டிப்பார்க்கிறதாம், உடனே மாற்ற வேண்டுமாம். என் வேலையாள் லீவில் போய்விட்டான். நீள பெஞ்சுக்கு ரெக்ஸின் போடுவது தனி ஆள் வேலை இல்லை, ஒருவர் இழுத்துப் பிடிக்க ஒருவர் ஆணி அடிக்க வேண்டும், நடுவில் பிடியை விட்டால் மொத்தமும் சுருக்கம் விழுந்து பாட்டி முகம் மாதிரி ஆகிவிடும். வேறு யாரும் அகப்படாமல் உன் சித்தியைக் கெஞ்சினேன். பயிற்சி இல்லாத நாளா என்று கையால் கேட்டாள். இல்லவே இல்லை, கோயில் காலி என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நாங்கள் போய் பெஞ்சைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, நான் பாதி ஆணி அடித்திருப்பேன், திமுதிமுவென்று மொத்தக் குழுவும் உள்ளே வருகிறது. மருந்துக்கடை அம்மாவுக்கு மறுநாள் தலைமுடி சரிசெய்கிற கடையில் நேரம் கிடைத்திருக்கிறது, அதனால் பயிற்சியை இன்றைக்கே வைத்துக்கொண்டார்களாம். தலைமுடிதானே பாடப்போகிறது.

உன் சித்தி எழுந்து ஓடிவிட நினைத்தாள், ஆனால் ரெக்ஸின் அவள் கையில் விறைப்பாக நிற்கிறது, விட்டால் வேலை போச்சு. தலையைக் குனிந்து பெஞ்சுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். என் தலை மட்டும் மேலே தெரிகிறது, குச்சி வாத்தியார் பார்த்துவிட்டு, அண்ணே நீங்க அங்கிருந்தே பாடுங்க, வேலை கெடவேண்டாம் என்றார். ஆண்கள் வரிசையில் அடிக்குரல் என் தோளில்தான் நிற்கிறது என்பது உலகறிந்த விஷயம், கொஞ்சம் மெதுவா பாடுங்கண்ணே என்று அவர் அடிக்கடி சொல்வது பொறாமையில். ஆனால் அன்றைக்கு என் வாய் நிறைய ஆணி. இந்தத் தொழிலில் அப்படித்தான், சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிக்க வேண்டும், டப்பாவிலிருந்து எடுத்து அடிக்கிறவன் குஷன்காரனே இல்லை. ம் என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். பாட்டு ஆரம்பித்தது. இரும்புக்கடைக்காரர், அடிக்குரலில் எனக்கு அடுத்தபடி ஓரளவு பாடுகிறவர், பேரன் பிறந்தான் என்று வெளியூர் போய்விட்டார், மிச்சம் இருந்த ஆண்கள் மூன்றாவது வரிக்கு வந்ததும் மேட்டில் ஏறமுடியாத வண்டி மாதிரி நின்றுவிட்டார்கள். குச்சி வாத்தியார் குச்சியைத் தட்டினார். மறுபடி ஆரம்பம், மறுபடி அதே இடத்தில் நின்றது. மறுபடி. ஒவ்வொரு முறையும் உன் சித்தியின் கை ரெக்ஸினை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, அவள் முகத்தைப் பார்க்கிறேன், சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கிறது. அந்தப் பாட்டில் எல்லார் வரியும் அவளுக்கு மனப்பாடம், அந்த ஆண்களில் பாதிப்பேருக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த முறை மூன்றாவது வரி வந்தது. அவர்கள் நிற்கப்போகிற அந்த இடத்தில் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்து, அடியில் போய் உட்கார்ந்தது பார், மகளே, என்னால் எழுதிக்காட்ட முடியவில்லை, எனக்கே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள். ஆண்கள் எல்லாரும் அதன்மேல் ஏறிக்கொண்டு கரை சேர்ந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் குச்சி வாத்தியார் குச்சியையே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். கண் கலங்கியிருக்கிறது. அண்ணே, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்ணே நீங்க சுருதியில நின்னீங்க என்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். மகளே, ஜன்மத்தில் முதல்தடவையாகக் கோயிலில் எனக்குக் கைதட்டுகிறார்கள், என்னாலோ வாயைத் திறக்க முடியவில்லை. கீழே பார்த்தேன். உன் சித்தி, திருடும்போது பிடிபட்டவள் மாதிரி உட்கார்ந்து, சொல்லாதீங்க சொல்லாதீங்க என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாள். இதிலும் ஆள் மாறிவிட்டது பார், போனில் நடந்த அதே மாற்றம். அவள் குரலை மறுபடி என் பேரில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அத்தனை ஆணியையும் உள்ளங்கையில் துப்பி, கையை நீட்டிக் காட்டி, யோவ் வாத்தியாரே, வாயில இவ்வளவு ஆணிய வச்சுக்கிட்டு எவனாவது பாடுவானாய்யா, காது இருக்கா இல்ல குச்சிதான் இருக்கா என்று கேட்டுவிட்டேன்.

ஒவ்வொருவராகப் பெஞ்சின் முதுகுக்கு மேலே எட்டிப்பார்க்கிறார்கள், ரெக்ஸினைப் பிடித்தபடி இவள் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வாயைத் திறந்தது யார் என்று நினைக்கிறாய்? செயலாளர்தான், எங்கிருந்தோ முளைத்தார், பெண்கள் பெண்கள் பக்கம்தான் நிக்கணும், ஆண்கள் வரிசையில ஒரு அம்மா நின்னா அழகா இருக்காது, கமிட்டியில வச்சுத்தான் முடிவு பண்ணணும் என்றார். யாரும் அவளை வரிசையில் நிற்கச் சொல்லவே இல்லை, அதற்குள் இவர் தடை போட்டாகிவிட்டது. குச்சி வாத்தியார் குனிந்து குச்சியைத் தேடுகிறார், அவ்வளவுதான் அவர் வீரம். அப்போது மருந்துக்கடை அம்மா முன்னால் வந்து, பெஞ்சின்மேல் சாய்ந்து, அக்கா, நீங்க பாடின எடத்துல நானா பாடிக்கிட்டிருக்கேன்னு தெனமும் செத்துப் பொழைக்கிறேன்க்கா, மேல போனா பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, இன்னைக்குத்தான் கால் வைக்கத் தரை இருந்துச்சு, கீழே நீங்க நில்லுங்கக்கா என்றார். சொன்னதில் நடிப்பில்லை. அந்த அம்மாவைப் பற்றி மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடு. குக்கர் இருக்கட்டும்.

உன் சித்தி எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஏங்க, ரெக்ஸின் கையை அறுக்குது, மொதல்ல ஆணிய அடிங்க என்றாள். அந்தக் கனத்த குரல் கோயில் கூரைவரை போய் வந்தது, ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நான் அடித்து முடித்தேன், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். செயலாளரிடம், கமிட்டியில கேளுங்க, நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள கிறிஸ்மஸே முடிஞ்சிரும் என்றாள். குச்சி வாத்தியாரிடம், மூணாவது வரிக்கு முன்னாடி உங்க ஆளுங்க மூச்சே எடுக்கலை, எடுக்காம எப்படிப் பாடுவாங்க, அதைச் சொல்லிக்குடுக்காம எதுக்குக் குச்சிய ஆட்டுறீங்க என்றாள். அவர் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். இத்தனை நாள் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசினாள் என்று வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் என் கேக்கை எடுத்து முகர்ந்துபார்த்து, இது என்ன குஷனுக்கு அடியில வைக்கிறதா என்று கேட்டுவிட்டு, பழம் ஊற நேரமில்லாமல் சர்க்கரைப்பாகில் வேகவைத்து வேறு கேக் போட்டாள். திரைச்சீலை துவைத்தாயிற்று. நட்சத்திரத்தின் ஒயரைக் கழற்றச் சொன்னாள், எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினான், நான் மாட்டியதில் ஒரு சின்னத் திருத்தம்தான் செய்தான்.

நேற்று காலை ஆராதனையில் ஆண்கள் வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். கோயில் நிறைய ஜனம், முன்வரிசைகளில் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் குசுகுசு. பெரிய போதகரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பாட ஆரம்பித்தார்கள், குசுகுசு நின்றது. இரண்டாவது பாட்டில் ஓர் இடத்தில் நான் பாடுவதை நிறுத்திவிட்டேன், அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. என் தொண்டை அடைத்துக்கொண்டது என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே, நானே விரும்பித்தான் நிறுத்தினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பல் டாக்டர், யார் அந்த ஆண்குரல், புதுசா இருக்கே என்று கேட்கிறார். நான்தாங்க, சும்மா வச்சிருந்தேன், இன்னைக்கு எடுத்தேன் என்று உன் சித்தியே பதில் சொல்லிவிட்டு நடந்தாள். அந்த ஆள் திறந்த வாயை மூடவில்லை, உள்ளே பல் எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது.

இப்படி எல்லார் எதிரிலும் பாடியாயிற்று, பேசியாயிற்று, கமிட்டியையே வாயடைத்தாயிற்று. ஆனால் நேற்று மத்தியானம் நீ வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது போன் மேசைமேல் அடித்தது, அவள் பக்கத்திலேயே இருந்தாள், கையை நீட்டினாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ஊருக்குப் பயப்படாதவள் உனக்குப் பயப்படுகிறாள். நான் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடவில்லை, நான் சொல்வதில் பாதியைத்தான் அவள் எப்போதும் நம்புவாள், அது எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது. அதனால் இதை நீதான் செய்யவேண்டும். புத்தாண்டு அன்று காலையில் என் போனை மேசைமேல் வைத்துவிட்டு, பால் வாங்கப் போகிறேன் என்று வெளியே கிளம்பிவிடுவேன். அப்போது கூப்பிடு. வெகுநேரம் அடிக்கும், வைத்துவிடாதே. வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடு, மறுபடி. எடுப்பாள். அந்தப் பக்கம் ஒரு கனத்த குரல் வரும், இருமல் மாதிரிக்கூட வரும், அல்லது ஒன்றுமே வராமல் மூச்சு மட்டும் கேட்கும். எதுவானாலும் யோசிக்காதே, யாரென்று கேட்காதே, உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே, அழுதும் தொலைக்காதே. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் சித்தி என்று கூப்பிட்டுவிடு.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, அவர் வீட்டு சோபா ஒரு பக்கம் சாய்கிறது என்று படத்தில் பார்த்தேன், முன்கால் பக்கத்தில் ஸ்பிரிங்கைத் தாங்குகிற பட்டி தளர்ந்திருக்கும், கண்டவனிடமும் கொடுக்க வேண்டாம். வருகிற வருஷம் முழுக்க ஆண்டவர் உங்கள் இரண்டுபேர் தலைக்கு மேலும் கையை வைத்துக்கொண்டே இருக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப்போடு, சித்தி அங்கே வருகிற நாளில் அலமாரியைத் துடைக்காமல் இருக்கமாட்டாள். பால்கடை தெருமுனையில்தான் இருக்கிறது, ஆனாலும் நீங்கள் பேசி முடிக்கிறவரை நான் திரும்பப்போவதில்லை.

உன்னை மகளாகப் பெறாமலே பெற்ற,
சித்தப்பா